எழுதாத வரைக்கும் எல்லாருக்கும் ஒரே பக்கம்

எங்கள் வீட்டில் செய்தித்தாள் ஒன்று, படிப்பவர்கள் மூன்று பேர்: அண்ணன், அண்ணி, நான். சும்மா படிப்பதென்றால் எல்லாருக்கும் அதே தாள்தான். குறுக்கெழுத்துப் போடப் பேனாவை எடுத்தால் மட்டும், அந்த ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துவந்து அதில் கிறுக்கிக்கொள்ள வேண்டும். இது அண்ணி போட்ட சட்டம். ஒருமுறை மறந்துபோய்த் தாளிலேயே எழுதிய அண்ணன் இரண்டு நாள் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அண்ணி இதை அலுவலகத்திலிருந்துதான் பிடித்துக்கொண்டு வந்தார். குடிநீர் அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்கு அவர் பொறுப்பு. நான் அங்கே குமாஸ்தா. முப்பது திரைகளுக்கும் சேர்த்து அலமாரிக்குள் ஒரே ஒரு கிழட்டு மெஷின். முப்பது பேரும் ஒரே புரோகிராமைத் திறந்தாலும் அது மெமரியில் ஒரு காப்பியைத்தான் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே காட்டும். யாராவது எதையாவது மாற்றினால், அந்தப் பக்கத்தை மட்டும் அவருக்கெனத் தனியாக நகலெடுக்கும். பத்துப் பேர் எழுதும் வரை தாங்கும். பதினோராவது ஆள் கை வைத்தால் மூச்சடைத்து நின்றுவிடும். அதனால் நாங்கள் முறை வைத்துத்தான் எழுதுவோம்.

மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அண்ணியைக் கிடங்குக்கு மாற்றுவதாகப் பேச்சு. முடிவெடுக்க டைரக்டரே நேரில் வந்தார்.

"எல்லாரும் திறந்து பாருங்க. ஒரு எழுத்து தட்டினீங்க, தொலைச்சிடுவேன்" என்று அண்ணி காலையிலேயே மிரட்டியிருந்தார். முப்பது பேரும் கீபோர்டுக்கு ஓர் அங்குலம் மேலே, காற்றில் தட்டினோம். கேஷியர் அக்கா நடுநடுவே நெற்றியைச் சுருக்கி யோசிக்கவும் செய்தார்.

"பரவாயில்லையே, ஓடுதே! எங்க, எல்லாரும் என் பேரை டைப் பண்ணுங்க பார்ப்போம்" என்றார் டைரக்டர்.

அண்ணி அசரவில்லை.

"ஒரே பேரை எதுக்கு சார் முப்பது பேர் அடிக்கணும்? இந்தத் தம்பி அடிச்சுப் பொது அறிவிப்பா அனுப்பட்டும், முப்பது பேரும் பார்க்கட்டும்."

அடித்து அனுப்பினேன். முப்பது திரையிலும் அவர் பெயர். மனுஷன் குளிர்ந்துபோனார்.

"மெஷின் இங்கேயே இருக்கட்டும். நீங்களும் இருங்கம்மா."

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். வாசல்வரை போன டைரக்டர் திரும்பினார்.

"இவ்வளவு தாங்குதுன்னா, பக்கத்து ஆபீஸ் முப்பது பேரையும் இதுலயே சேர்த்துவிடுங்க. அவங்க நாள் பூரா டைப் பண்ணிக்கிட்டே இருக்கறவங்க."

மறுநாள் காலை அண்ணி செய்தித்தாளை விரித்தார். பேனாவைத் திறந்தார். ஜெராக்ஸ் எதுவும் எடுக்காமல், தாளிலேயே குறுக்கெழுத்தை நிரப்ப ஆரம்பித்தார். அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் அவன் காலை ஓங்கி மிதித்தேன்.