திறந்தே இருந்த செஷன்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, சர்வர் எங்களுக்குப் பக்கத்து அறையிலேயே இருந்தது. ஏ.சி. மக்கர் பண்ணினால் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைப்பேன். இரண்டாயிரங்களின் பிற்பாதியில் அந்த அறையைக் காலி செய்துவிட்டார்கள். சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் இரண்டு சர்வர்களை வாடகைக்கு எடுத்து, கம்பெனியின் எல்லா யூனிட்டுக்குமான டேட்டாபேஸை அங்கே ஏற்றினார்கள். இரண்டு சர்வர்களும் ஒரே டேட்டாபேஸைத்தான் நடத்தின. ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும். அவற்றைப் பார்த்துக்கொள்வது சென்னைக்காரர்களின் பொறுப்பு.

எனக்கு மிஞ்சியது கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்ன ஜன்னல். அதில் எஸ்.க்யூ.எல். என்ற டேட்டாபேஸ் மொழியில் கேள்விகளை அடித்து அனுப்பலாம், பதில் வரும். அவ்வளவுதான் அனுமதி. ஆனால் அதிலேயே நிறையத் தெரிந்துகொள்ளலாம் என்பது போகப் போகப் புரிந்தது. யார் யார் இப்போது உள்ளே இருக்கிறார்கள், எந்த யூனிட்டிலிருந்து, கடைசியாக எப்போது ஏதாவது செய்தார்கள், யாருடைய வேலை முடிய யார் காத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் டேட்டாபேஸிடமே கேட்கலாம். உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு செஷன், பட்டியலில் ஒரு வரி.

காலையில் வந்ததும் அந்தப் பட்டியலைத்தான் முதலில் கேட்பேன். அநேகமாக எனக்கு முன்பே வாணியம்பாடி யூனிட்டின் ஸ்டோர் உள்ளே வந்திருக்கும். அங்கே உட்கார்ந்திருந்த பெண் ஆலங்காயத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. போனில்தான் பழக்கம். ஏதாவது சந்தேகம் என்று கூப்பிடுவாள், ஆரம்பமே ஒரே மாதிரி இருக்கும்.

"அக்கா, நான் வந்துட்டேனா உங்க லிஸ்ட்ல?"

"வந்துட்டம்மா. நீதான் ஃபர்ஸ்ட்டு."

மெல்லிய குரல், அவசரமில்லாத பேச்சு. கர்ப்பமாக இருக்கிறாள் என்பதையும் அப்படித்தான், கார்ட்டன் ஸ்டாக்கைப் பற்றிக் கேட்டுவிட்டு, போனை வைக்கப் போகும் சமயத்தில் சொன்னாள்.

சில மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். டிஸ்பேட்ச் மேனேஜர் நேராக என் மேசைக்கு வந்தார். கம்பெனியில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். கண்டெய்னர் லாரி கேட்டில் நிற்கிறது, ராத்திரிக்குள் துறைமுகம் போய்ச் சேர வேண்டும், பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் ஆகவில்லை.

"ஸ்கிரீன் அப்படியே நிக்குதும்மா. இன்னான்னு பாரு. கப்பலு நமக்காக நிக்காது."

என் ஜன்னலைத் திறந்து, யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். பேக்கிங் செக்‌ஷனின் செஷன்கள் எல்லாம் காத்திருந்தன. எதற்காக என்று பார்த்தால் கார்ட்டன் ஸ்டாக். பேக்கிங் லிஸ்ட் போட்டால் அட்டைப்பெட்டிகளின் இருப்பு குறைய வேண்டும், அந்த இருப்பை வேறு யாரோ மாற்றத் தொடங்கி, சேவ் பண்ணாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த யாரோவின் எண் மட்டும் வந்தது. அந்த எண்ணைப் பட்டியலில் தேடினால் ஆளே இல்லை.

பிறகுதான் உறைத்தது. நான் நுழைந்திருந்த சர்வரை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். எண்ணுக்குரியவர் இன்னொரு சர்வரில் இருக்கலாம். இரண்டு சர்வர்களையும் சேர்த்துக் கேட்கும்படி கேள்வியை மாற்றி எழுதினேன். உடனே வந்துவிட்டது: வாணியம்பாடி ஸ்டோர். கடைசியாக அசைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சென்னைக்குப் போன் போட்டேன். டியூட்டியில் இருந்தவர் நிதானமான ஆள்.

"செஷன் நம்பர் குடுங்க மேடம், கில் பண்ணிடறேன். ரெண்டு செகண்ட் வேலை."

"பண்ணிட்டா அவங்க டைப் பண்ணது?"

"போய்டும். சேவ் பண்ணாம வெச்சிருக்காங்க இல்ல."

அந்த செஷன் எப்போது தொடங்கியது என்று பார்த்தேன். காலையிலேயே. பெரிய அட்டைப்பெட்டி லோடு ஒன்று வருகிறது என்று முந்தின நாள் அவளே சொல்லியிருந்தாள். ஒவ்வொரு சைஸாக உட்கார்ந்து ஏற்றியிருப்பாள். அது மட்டுமல்ல, அவள் ஸ்கிரீனைத் திறந்து போட்டுவிட்டு இவ்வளவு நேரம் எழுந்து போகிறவள் இல்லை.

"இன்னாம்மா யோசன?" என்றார் பாய்.

"செஷனைக் கில் பண்ணா, காலையிலேர்ந்து டைப் பண்ணதெல்லாம் போய்டுமாம் பாய். ஒரு போன் போட்டுப் பார்த்துடறேன்."

"சீக்கிரம் பாரு. லேட்டாச்சுன்னா ஜாஸ்தி பேஜாரு."

வாணியம்பாடி ஸ்டோர் போன் நெடுநேரம் அடித்தது. கடைசியில் ஒரு ஆண் குரல் எடுத்தது. அங்கே லோடு இறக்குகிறவர்.

"அந்த அக்கா இல்லிங்க மேடம். வலி வந்துட்ச்சு. வேன்ல ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிருக்காங்க."

பாயிடம் சொன்னேன். அதுவரை நின்றுகொண்டே இருந்தவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தினியாவது மாசம்?"

"எட்டு."

உதட்டுக்குள் ஏதோ ஓதினார். பிறகு, "கில்லு கில்லுன்னு இன்னா பேச்சு அது. போன் எடுத்த ஆளையே சேவ் பண்ணச் சொல்ல முடியுமா பாரு. டிரைவருக்கு நான் டீ சொல்லிடறேன்" என்றார்.

லோடு இறக்குகிறவருக்குக் கம்ப்யூட்டரைத் தொட்டே பழக்கமில்லை. தொட்டால் ஏதாவது அழிந்துவிடும் என்று பயந்தார். "அழிஞ்சா என் மேல போடுங்க" என்றேன். மவுஸை லேசாக நகர்த்தச் சொன்னேன்.

"வெளிச்சம் வந்துட்ச்சு மேடம். நெறைய கட்டம் இருக்குது. கடைசிக் கட்டத்துல ஒரு கோடு மினுக்கு மினுக்குன்னுது."

கடைசி வரியைப் பாதியில் விட்டிருந்தாள். பாதி வரியோடு அந்த ஸ்கிரீன் சேவ் ஆகாது. அந்த ஒரு வரியை மட்டும் நீக்க எந்தப் பொத்தான் என்று சொன்னேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் கண்டுபிடித்து, "இதானே? அமுக்கட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டு அமுக்கினார். அப்புறம் சேவ். போனில் அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"இன்னாமோ இங்கிலீஷ்ல வந்துட்ச்சு மேடம். போய்ட்ச்சா?"

என் கேள்வியை மறுபடி ஓட்டினேன். காத்திருந்தவர்களின் வரிசை காலியாக இருந்தது. பேக்கிங் ஹாலிலிருந்து பிரிண்டர் ஓடும் சத்தம் வந்தது. "போவலிங்க, சேவ் ஆயிட்ச்சு" என்றேன், அவர் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. மறுமுனையில் அவர் யாரிடமோ பெருமையாக அதைச் சொல்வது கேட்டது.

லாரி கிளம்பியது. ஆனால் வாணியம்பாடி ஸ்டோர் என் பட்டியலில் அப்படியே இருந்தது, இப்போது யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல். மூடச் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. அங்கே நாற்காலி காலி என்று தெரிந்தும், சாயங்காலம்வரை அந்த வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வாணியம்பாடியிலிருந்து செய்தி வந்தது. பெண் குழந்தை. எடை ரொம்பக் கம்மி என்பதால் தாயையும் பிள்ளையையும் வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். என் அக்கா வேலூரில் நர்ஸ். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கேதான் அனுப்பியிருந்தார்கள். போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் வார்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"பூனைக்குட்டி மாதிரி இருக்குதுடி. ஆனா பயமில்ல, நல்லா மூச்சு விடுது. பால் எறங்குது."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக வேலூர் பஸ் ஏறினேன். பாய் ஒரு பை நிறையப் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பியிருந்தார். வார்டில் அக்கா காட்டிய கட்டிலில் நான் நினைத்து வைத்திருந்ததைவிட உயரமான, எலும்பும் தோலுமான ஒரு பெண் படுத்திருந்தாள். நான் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, நீங்களா? நீங்க குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

பக்கத்துக் கட்டில்காரிகூடச் சிரித்தாள். இவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். ஏன் என்று தெரியாமல் கண்ணும் கலங்கியது.

"காலையிலேர்ந்தே வலிச்சுதுக்கா. சூட்டு வலின்னு நெனச்சேன். இந்த ஒரு லைன முடிச்சிட்டு எழுந்துக்கலாம்னு இருந்தேன், முடியல. அப்புறம் வேன்ல போவும்போது, சேவ் பண்ணலியேன்னு அதான் நெனப்பு. எங்கம்மா திட்டுது, உனக்குப் புள்ள முக்கியமா பொட்டி முக்கியமான்னு."

"எல்லாம் இருக்குதும்மா. ஒரே ஒரு வரிதான் போச்சு."

"அத நான் வந்து போட்டுக்கறேன்" என்றாள்.

குழந்தையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து காட்டினார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, யார்மேலோ கோபமாக இருப்பது போலத் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே புரோகிராம் எழுதியவரைப் பிடித்து, ஒவ்வொரு வரியும் தானாக சேவ் ஆகும்படி அந்த ஸ்கிரீனை மாற்ற வைத்தேன். முதலில் முடியாது என்றார். பாய் அவர் மேசைக்குப் போய் உட்கார்ந்த பிறகு முடிந்தது.

குழந்தை நன்றாகத் தேறியதும், பல மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். அடுத்த வருஷம் ஆம்பூருக்கே மாற்றலாகி, எங்கள் செக்‌ஷனில் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தாள். போனில் மெல்லிய குரல் என்று நான் நினைத்திருந்தது, ஸ்டோரில் சூப்பர்வைசர் பக்கத்திலேயே இருந்ததால்தானாம். எங்கள் அறையில் அவள் சிரித்தால் பேக்கிங் ஹால்வரை கேட்கும். பாய் அங்கிருந்தே, "இன்னாம்மா அங்க?" என்று குரல் கொடுப்பார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும், என்னைக் கேட்காமலே என் குழம்பை எடுத்துத் தன் சோற்றில் ஊற்றிக்கொள்வாள். உப்பு கம்மி என்றும் சொல்வாள்.