பேஸ்மென்டில் பூஜ்யம்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்குக் கோபம் வராது. ஆனால் என் முழங்கையில் இருக்கும் தையல் தழும்பு கதைவிட்டு வந்ததல்ல.

அமெரிக்காவில் எங்கள் ஐயோவா மாநிலத்தில் வீடு வாங்கினால் முதலில் ரேடான் சோதனைதான். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசிகிற வாயு அது. நிறமில்லை, மணமில்லை, நுரையீரலை மட்டும் அரித்துவிடும். அளவு நாலுக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்கு அடியில் இருக்கும் எங்கள் பேஸ்மென்டில் பதினொன்று!

அந்த பேஸ்மென்டைத்தான் என் மகள் பிரிட்டா தன் அறையாகக் கேட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். வயது பதினைந்து.

"நாலுக்குக் கீழ வந்தாத்தான் உன் கட்டில் கீழ எறங்கும்," என்றேன்.

"அப்ப சீக்கிரம் வரவைம்மா. உன் குறட்டை தாங்கல."

ரேடானை வெளியேற்றும் வேலை செய்கிற டுவேன் என்பவர் வந்து, தரையைத் துளைத்துக் குழாய் பொருத்தினார். கூரைப் பக்கம் ஒரு விசிறி மண்ணடிக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். குழாயில் ஒரு சின்னக் கண்ணாடி வளைவு. உள்ளே சிவப்புத் திரவம். ஒரு பக்கம் ஏறி நின்றால் விசிறி இழுக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை பார்த்தேன். ஏறியிருந்தது. விசிறிச் சத்தமே கேட்கவில்லை. நல்ல சரக்கு என்று மெச்சிக்கொண்டேன். அளக்கும் கருவியைக் கீழே வைத்தேன். சோதனை முடியும்வரை எதையும் திறக்கக் கூடாது என்பது விதி. நான் ஒரு படி மேலே போய், அங்கிருந்த ஒரே ஜன்னலுக்கு டேப்பும் ஒட்டினேன். பிறகு ஆஸ்பத்திரியில் இரவுப் பணிக்குக் கிளம்பினேன்.

மறுநாள் மாலை 4.40. வெளியே பனி. பிரிட்டா கூடைப்பந்துப் பயிற்சியில். மேலே ஓவனில் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கேசரோல் வெந்துகொண்டிருந்தது. கருவி காட்டும் எண்ணைப் பார்க்கக் கீழே இறங்கினேன்.

கேசரோல் வாசனையும் என்கூடவே படியிறங்கியது. சமையல் வாசனை மேலேதானே போகும்?

கருவியில்... 0.0.

துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் கவனித்தேன். தரையில் கிடந்த மரத்தூள் நகர்ந்தது. மெல்ல... சுவரோர இடுக்கை நோக்கி.

நின்றது.

மறுபடி நகர்ந்தது.

கண்ணாடி வளைவைப் பார்த்தேன். திரவம் ஏறியது... நின்றது... இறங்கியது. ஏறியது... நின்றது... என் மூச்சும் அதே கணக்கில் ஓடியது.

டமார்!

மேலே கதவு. ஓடிப்போய்த் தள்ளினேன். அசையவில்லை. அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. இடுக்கு வழியாகக் காற்று ஊளையிட்டபடி உள்ளே வந்தது. என்னைத் தாண்டிக் கீழே போனது.

"யாராவது இருக்கீங்களா?"

காது அடைத்தது. மூச்சு போதவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன். பிரிட்டா வருவாள்... என்னைத் தேடி இதே படியில் இறங்குவாள்...

கூடாது.

ஜன்னல். டேப். நகம் பிய்ந்தது. வரவில்லை.

முழங்கையால் அடித்தேன்.

கண்ணாடி நொறுங்கியது. பனி உள்ளே பறந்தது. மேலே கதவு தானாகத் திறந்துகொண்டது. தரைக்கடியில் ஏதோ... நீளமாக மூச்சு விட்டது.

திங்களன்று டுவேன் வந்தார். எண்ணைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "வெளிக்காத்துலகூட பூஜ்யம் வராதே, நோரீன்."

"உங்க விசிறி அந்த இழு இழுக்குதே!"

"எந்த விசிறி? எலக்ட்ரீஷியன் இன்னிக்குத்தானே வர்றார்! அதுக்கு இன்னும் கரண்டே குடுக்கல."

பின்னாலிருந்து பிரிட்டா கத்தினாள்.

"பூஜ்யமா! தெருவுலயே நம்மதுதான் கம்மி. கட்டில எறக்கலாம்ல?"

"கீழ கால் வெச்சே... தோலை உரிச்சிருவேன்."

"போம்மா. வெள்ளிக்கிழமை ராத்திரியே அங்கதான் தூங்கினேன். நீ சீக்கிரமே வந்துட்ட போல, நீயும் வந்து பக்கத்துல படுத்துட்ட. இருட்டுல விடிய விடிய ஒரே குறட்டை!"

அந்த இரவுப் பணி முடிந்து நான் வீடு திரும்பும்போது நன்றாக விடிந்திருந்தது.