அச்சு விழாத தாள்கள்

கொட்டாஞ்சேனையில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ஒரு சித்திர டீச்சர் இருந்தார். அவரது நகக்கண்களில் எப்போதும் காகிதக் கூழ் காய்ந்திருக்கும். எழுதிக் கழித்த வினாத்தாள்களை ஊறவைத்து அரைத்து, சல்லடையில் வார்த்துப் புதுத்தாள் ஆக்குவார். அட்டையில் உருவம் வெட்டி, மை பூசி, அந்தத் தாளில் அச்சடிக்கப் பிள்ளைகளைப் பழக்குவார்.

பரீட்சை நெருங்க, அதிபர் அவருடைய பாடவேளைகளையெல்லாம் கணிதத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆளில்லாத வகுப்பில் அவர் தாள் வார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிள்ளையளே வாறேல்லை. பிறகேன் மிஸ் இவ்வளவு தாள்?" என்று கேட்டேன்.

"என்ட பீரியட்லதானே இப்ப தினமும் மேத்ஸ் டெஸ்ட் வைக்கினம். அந்தப் பேப்பர் முழுக்க இஞ்சதான் வருது. நான் வேற என்ன செய்ய?"

சொல்லும்போது சிரித்தாரா என்று இன்றும் யோசிக்கிறேன். தாள் அடுக்கு கம்பி ஜன்னலின் பாதியை மறைத்திருந்தது. ஒன்றிலும் அச்சு விழுந்திருக்கவில்லை.