ரோமன் மதில் பார்க்கப் போன நாள்

இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில் என் தம்பி குடும்பத்தோடு வன்னிப் போருக்குள் அகப்பட்டிருந்தான். உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. போரை நிறுத்தச் சொல்லி லண்டனில் எங்கள் சனம் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றது. என் கணவரும் ஷிப்டை மாற்றிக்கொண்டு தினமும் போனார்.

அந்தச் சனிக்கிழமை காலையிலும் ஃபிளாஸ்கில் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டே, "நீரும் வாருமன். உம்மட தம்பிக்காகத்தானே," என்றார்.

"இண்டைக்கு ஏலாது. ஒபிஸ் ஆக்களோட சுற்றுலா வாறனெண்டு சொல்லிப்போட்டன்," என்றேன்.

பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. காலை முதல் இரவு வரை அழுகையும் இரத்தமுமாக ஓடிய எங்கள் வீட்டு டிவியிடமிருந்து ஒரு நாளாவது தப்பிவிட வேண்டும் போல் இருந்தது. சுயநலம்தான், வேறென்ன?

மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடந்த வழிகாட்டி நல்ல வாய்க்காரன். காலையில் ரோமர் கட்டிய மதிலைக் காட்டினான். கற்களுக்கு நடுவே சிவப்பு ஓடுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் கவுன்சிலுக்கு நித்திரை வராது என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பின்னேரம் முழுவதும் பழைய ஓவியர் ஒருவர் திரிந்த இடங்கள். அவர் குடித்த கடை, குடியிருந்த தெரு, கடைசியாக ஆற்றின் தென்கரை. முன்னொரு காலம் பாராளுமன்றம் தீப்பற்றி எரிந்தபோது அவர் ஆற்றோரம் நின்று பார்த்துத்தான் வரைந்தாராம். எல்லோரும் எதிர்க்கரையைப் பார்த்தோம். அங்கிருந்து பறையும் கூச்சலும் வந்தன. சத்தத்துக்காக வழிகாட்டி எங்களிடம் மன்னிப்புக் கேட்டான்.

"யார் இவர்கள்? உங்கள் ஆட்களா?" என்று ஒபிஸில் என் பக்கத்து மேசைக்காரி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"தெரியாது. ஆசியாவில் ஏதோ பிரச்சினை போல," என்றேன். நாக்குக் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. பிறகு எல்லோருமாகப் படம் எடுத்தோம். அதில் எனக்குப் பல்லெல்லாம் தெரிகிறது.

தம்பி தப்பிவிட்டான். பல மாதங்கள் கழித்து, அகதி முகாமிலிருந்து யாருடையதோ போனில் கூப்பிட்டான். கணவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, பங்கருக்குள்ள ரேடியோவில லண்டன் சனம் கத்துறது கேட்டது. 'மாமியும் கத்துறா, கேள்' எண்டு சொல்லிச் சொல்லித்தான் சின்னவளை நித்திரையாக்கினனான். அதில ஒரு பொம்பிளைக் குரலை உங்கட குரலெண்டு அவள் பிடிச்சு வைச்சிருக்கிறாள்."

அதற்குள் சின்னவள் போனை வாங்கிவிட்டாள். அத்தை என்னை ஒருநாளும் கண்டிராத பிள்ளை.

"மாமி, ஒருக்காக் கத்திக் காட்டுங்கோ."

அன்று நான் நின்ற கரைக்குச் சத்தம்தான் வந்தது, சொற்கள் வரவில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு கணவரிடம் மெல்லக் கேட்டேன்:

"என்ன சொல்லிக் கத்தினனீங்கள்?"