கந்தையா மாமாவுக்கு ஒரு கொய்யாப்பழம்

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், நேற்றுக் காலை கெலிஓயாவிலுள்ள எமது சொந்தக் காணியில், சொந்தக் கொய்யா மரத்தில், முதலாவது பிஞ்சு தோன்றியுள்ளது. பிஞ்சும் மரமும் சுகம்.

சிரிக்காதீர்கள், கூட்டாளிகளே. இந்தக் காணியே என்னால் வந்ததுதான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், எனக்குப் பதினான்கு வயது. கண்டியில் அப்பா வேலை பார்த்த கந்தோர் கொடுத்த ஒழுகல் வீட்டில் இருந்தோம். தகரக் கூரையில் மழை விழுந்தால் பேசுவது கேட்காது. அம்மா சட்டியை வைத்துத் தண்ணீர் பிடிப்பார். அப்பாவுக்குப் பென்ஷன் நெருங்கியது. பென்ஷனில் போனதும் வீட்டைக் காலி பண்ண வேண்டும். கையில் இருந்த சேமிப்பு, ஒரு காணி வாங்கக் காணாது.

அதைப் பெருக்கத் தோட்டக் கம்பனிப் பங்கு வாங்கலாம் என்று முடிவானது. ரப்பரா, தேயிலையா?

அப்பாவின் கந்தோர்க் கூட்டாளி கந்தையா மாமா, யாழ்ப்பாணத்தார், கதிரையில் சாய்ந்தபடி தீர்ப்புச் சொன்னார்.

"தேயிலைப் பங்கு முப்பத்தாறு ரூபா. ரப்பர் பதினாறுதான். மலிவை விட்டிட்டு ஆரும் விலை கூடினதை வாங்குவினமே? விசரே உங்களுக்கு?"

நான் வாயைத் திறந்தேன். "மாமா, கறக்காத மாடு பத்து ரூபாய்க்குக் கெடைச்சா வாங்குவீங்களா?"

"டேய்!" என்றார் அப்பா.

"விடுங்கோ, பெடியன் சொல்லட்டும்" என்றார் மாமா.

"கறக்குற மாட்டோட வெலை அறுபதுன்னு வைங்க. தீனிச் செலவு போக வருஷத்துக்குப் பதினஞ்சு ரூபா மிஞ்சுதுன்னா, நாலு வருஷத்துல போட்ட காசு வந்துரும். பங்கும் மாடுதான். வெலைய வருஷ லாபத்தால பிரிங்க."

இரண்டு கம்பனிகளின் அறிக்கைகளும் மேசையில் கிடந்தன. பென்சிலை எடுத்தேன். ரப்பர்: ஒரு பங்குக்கு லாபம் இரண்டு; பதினாறை இரண்டால் பிரித்தால் எட்டு வருஷம். தேயிலை: லாபம் ஆறு, முப்பத்தாறை ஆறால் பிரித்தால் ஆறே வருஷம்!

"அப்ப எது மலிவு, மாமா?"

அப்பா கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தேயிலையை வாங்கினார். கந்தையா மாமா தன் காசுக்கு ரப்பரையே வாங்கினார்.

அடுத்த வருஷம் ரப்பர் விழுந்தது பாருங்கள்... பதினாறு ரூபாய்ப் பங்கு ஐந்துக்கும் போகவில்லை. எங்கள் தேயிலை ஏறியது. நல்ல விலைக்கு விற்று அப்பா இந்தக் காணியை வாங்கினார். ஒரு மாதம் நான் தரையில் நடக்கவில்லை. தெருவில் போகும் மாட்டுக்கெல்லாம் "இது ஐந்து வருஷம், அது ஏழு வருஷம்" என்று விலை சொல்லித் திரிந்தேன்.

அன்று சட்டி நிறைய ஒழுகல். இன்று இந்தக் காணியில் கட்டிய வீட்டுக்குப் புது ஓட்டுக் கூரை, மழை பெய்வதே தெரிவதில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் சில நாள் தூக்கம் வருவதில்லை, அது வேறு கதை.

சரி... ஒன்றை மறைத்துவிட்டேன்.

பங்கு வாங்கி ஒரு வாரம் கழித்து அந்தத் தேயிலை அறிக்கையை மறுபடி புரட்டினேன். அது லண்டனில் பதிந்த கம்பனி. விலையை நான் பார்த்தது ரூபாயில். லாபம் ஆறு என்று இருந்ததோ ஷில்லிங்கில்! ஆறு ஷில்லிங் என்றால் நாலே ரூபாய். முப்பத்தாறை நாலால் பிரித்தால் ஒன்பது வருஷம்.

அதாவது, கணக்குப்படி மலிவு ரப்பர்தான். ரப்பர் விழப்போவது எனக்கும் தெரியாது, என் பென்சிலுக்கும் தெரியாது.

கந்தையா மாமா இன்னும் என்னைக் கண்டால் நின்று, "தம்பி, உன்ர சொல்லை அண்டைக்குக் கேட்டிருக்க வேணும்" என்கிறார். நான் தலையாட்டிவிட்டு வருகிறேன்.

முதல் பழம் அவருக்குத்தான். கொடுக்கும்போது சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்... பழுக்க இன்னும் நாள் இருக்கிறது.