நான்காவது கையெழுத்து

குன்னூர் மார்க்கெட்டில் செல்போன் பழுது பார்க்கும் ஜாகீருக்கு வயது ஐம்பத்து நான்கு. அதே மேசையில்தான் அவருடைய அத்தா அயூப் ரேடியோ பழுது பார்த்தார். ஜாகீருக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, விடுதி மாணவன் ஒருவன் பழுதுக்குக் கொடுத்த டேப் ரெக்கார்டரை வாங்கிப் போக வரவே இல்லை. அதற்குள் ‘டின் ஹார்பர்’ என்ற இங்கிலாந்து நியூ வேவ் இசைக்குழுவின் கேசட் இருந்தது. பாட்டு பாதிதான் புரிந்தது. ஆனால் சின்தசைசரின் அந்தக் குளிர்ந்த சத்தம் குன்னூர் மழைக்கென்றே செய்தது போலிருந்தது. அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை விடவில்லை.

குழுவினர் நால்வரும் நிற்கும் ஒரே படத்தில் நான்கு பேரின் கையெழுத்தையும் வாங்கிவிட வேண்டும். ஜாகீரின் ஆசை அவ்வளவுதான். படத்தோடு ஒரு பொட்டலம் தேயிலையும் வைத்துத் தபாலில் அனுப்புவார். அது திரும்பி வரும்வரை தூக்கம் பிடிக்காது. இப்படி மூன்று கையெழுத்து வாங்கப் பதினொரு வருடம் ஆனது. டிரம்ஸ் வாசிப்பவரின் முகவரி மட்டும் கிடைக்கவே இல்லை.

போன ஜூலையில் ஒரு காலை, ஒன்பதரை மணிக்குப் போன் அடித்தது. மலையுச்சி ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருக்கும் கீர்த்திவாசன் பேசினான்.

“பாய், உங்க டிரம்ஸ்காரர் பேரு எங்க ரிஜிஸ்டர்ல இருக்குதுங்க. மூக்கும் உங்க படத்துல இருக்கற அதே மூக்குதான். பத்தரைக்கு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறாரு.”

ஜாகீர் கடை ஷட்டரைப் பாதி இழுத்து விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். பீரோவைத் திறந்து, படம் வைத்திருந்த உறைக்குள் கைவிட்டபோது விரலில் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. வெளியே இழுத்தார். படம் பிளாஸ்டிக்குக்குள் இருந்தது.

“யாரு லேமினேஷன் போட்டது?”

“நான்தாங்க,” என்றார் மனைவி ஹபீபுன்னிசா. “நம்ம பொண்ணு ஃபாயிஸா மார்க் ஷீட்டோட இதையும் சேத்துக் குடுத்தேன். போன மழைக்குப் பூஞ்சை புடிச்சிருச்சுன்னு நீங்கதான அழுதீங்க?”

குன்னூரில் முக்கியமான காகிதம் எதையும் யாரும் சும்மா மழைக்குக் கொடுப்பதில்லை.

வழியில், லேமினேஷன் போட்ட ஜெராக்ஸ் கடை பெனிஸிடம் படத்தை நீட்டினார். “பிரிச்சுக் குடு.”

“பிரிச்சா மூணு கையெழுத்தும் பிளாஸ்டிக்கோட வந்துரும் பாய். அப்புறம் என்னைய வையக்கூடாது.”

ஜாகீர் படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். ரயில்வே கேட் மூடியிருந்தது. மலை ரயில் அவசரமே இல்லாமல் புகை விட்டபடி ஊர்ந்தது. மணி பத்து பத்து. அதன்பின் மேடு முழுக்க மூடுபனி.

ஹோட்டல் வாசலில் கார் டிக்கியை மூடிக்கொண்டிருந்தார்கள். நரைத்த தலையோடு நின்றவரைப் பார்த்ததும், நாற்பது வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த ஆங்கிலம் ஜாகீரைக் கைவிட்டது. படத்தையும் நீல மார்க்கரையும் மட்டும் நீட்டினார்.

அவர் மூன்று கையெழுத்துகளையும் பார்த்தார். “தேயிலை அனுப்புகிறவர் நீங்கள்தானா?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஈரப் பிளாஸ்டிக்கில் மை பிடிக்காமல் முத்து முத்தாக உருண்டது. ஜாகீர் சட்டையால் துடைத்துக் கொடுத்தார். அவர் மறுபடி போட்டார். துடைத்த இடத்தில் அதற்குள் பனி இறங்கிவிட்டது. டிரம்ஸ்காரரின் கட்டைவிரல்தான் நீலமானது.

“ஏனுங்க பாய்,” என்றார் ஓட்டுநர் தங்கவேலு, “போற வழியில பர்லியார்ல ரோட்டு வேலை நடக்குதுங்க. இதுக்கு மேல நின்னா பிளேன் நமக்காக நிக்காதுங்க.”

கார்க் கதவு திறந்தது. ஜாகீரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே எப்போதும் இருக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினார்.

அவர் அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு படத்தைக் கார் பானட்டில் வைத்து, தன் உருவத்தின் காலடியில் கையெழுத்தை அழுத்திக் கீறினார். நிறமில்லாத கீறல், சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரிந்தது. கார் வளைவில் மறையும்வரை ஜாகீர் அதைச் சாய்த்துப் பிடித்தபடியே நின்றார்.

வீட்டில் ஹபீபுன்னிசா படத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். “ஐயோ, கீறல் விழுந்துருச்சேங்க. பெனிஸ்கிட்டச் சொல்லி இதுக்கு மேலயே இன்னொரு லேமினேஷன் போட்டுறலாமா?”

“அந்தப் பக்கமே போகாத,” என்றார் ஜாகீர். பீரோவைப் பூட்டி, முதல்முறையாகச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.