எதிர்ப்பு எழுதிய பக்கம்

எங்கள் ஜெயரூபி சின்னம்மாவைப் போல ஒரு கம்பனிப் பணிப்பாளர் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை. அவர் கொட்டாவி விட்டால் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்கள் நங்கூரம் போடும். கொழும்பில் கோட் போட்டவர்கள் எழுந்து நின்றுவிட்டு, ஏன் எழுந்தோம் என்று யோசிப்பார்கள்.

உண்மையில் அவர் உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் நசிபட்டுத்தான் பணிப்பாளர் சபைக் கூட்டத்துக்குப் போவார். பதினெட்டு வருடம் கம்பனியின் கொட்டிலில் அவித்த நண்டின் தசையைக் கிண்டி எடுத்தவர்; பிறகு அங்கே மேற்பார்வையாளர். போன வருடம், நண்டு வாங்கும் வெளிநாட்டுக்காரர், சபையில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டாராம். அடுத்த மாதமே சின்னம்மா பணிப்பாளர்.

மற்ற ஐந்து பேரும் ஆண்கள். தலைவர் அருளம்பலம் முதல் நாளே, "உங்கட எழுத்து முத்து மாதிரி, பிள்ளை. கூட்டக் குறிப்பை நீங்களே எழுதுங்கோ" என்று புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார். குனிந்து எழுதுகிறவர் எப்போது கதைப்பது? போதாததற்கு, ஆண்கள் அரை மணித்தியாலம் முன்பே இறங்குதுறையில் பிளேன்டீ குடித்தபடி எல்லாவற்றையும் முடிவெடுத்துவிடுவார்கள். சின்னம்மாவின் பஸ் வரும்போது வாசிப்பது மட்டும்தான் மிச்சம்.

போன மாதம் அப்படி வாசித்தது, நண்டுக் கொட்டிலை மூடும் முடிவு. இருபத்தாறு பெண்களுக்கு வேலை போகும். சின்னம்மா பேனையை நிறுத்தி, தனக்கு உடன்பாடில்லை என்றாராம்.

"அதை எழுதாதேங்கோ, பிள்ளை. ஏகமனதா இருந்தால்தான் வடிவு."

"முத்து மாதிரி எழுத்தெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், ஐயா. எழுதிப்போட்டன்."

இதை வீட்டில் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சின்னம்மா சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் கொட்டிலில் வேலை செய்யும் தங்கரத்தினம் அக்கா வாசல் படலையடியில் நின்று, "எங்கட ஆளெண்டு உள்ளுக்கு அனுப்பி என்ன கண்டம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். சின்னம்மா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

சாதாரண தரப் பரீட்சையில் மூன்று பாடம் கோட்டைவிட்ட என் மூளைக்கு அப்போதுதான் வெளித்தது: புத்தகம் இல்லாவிட்டால் முடிவும் இல்லை. எடுத்து என் மெத்தைக்குக் கீழே வைத்தேன். சின்னம்மா அலுமாரியெல்லாம் கொட்டித் தேடினார். "நான் காணேல்லை" என்று நானும் சேர்ந்து தேடினேன். இன்று காலை வெறுங்கையோடு கூட்டத்துக்குப் போயிருக்கிறார்.

இதுவரை எழுதியது அந்தப் புத்தகத்தின் பின்பக்கங்களில். மிச்சம் வேறு கொப்பியில். ஏனென்றால் சின்னம்மா வந்ததை நான் கவனிக்கவில்லை.

"எதில எழுதுறாய்?"

மூடுவதற்குள் அவருடைய கை முந்திவிட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் வாசித்தார்.

"கொட்டில் மூடாதெண்டு நினைச்சன், சின்னம்மா."

அவர் கதிரையில் அமர்ந்து, போன மாதப் பக்கத்தை விரித்தார். "ஒரு ஆளின்ர எதிர்ப்பு எழுத்தில இருந்தா அடுத்த கூட்டத்தில திரும்ப எடுக்கோணும். அதுதான் சபை விதி. எங்கை எழுதினனீங்கள், காட்டுங்கோ எண்டு கேட்டினம். காட்ட ஏலாமல் நிண்டனான். புதுப் புத்தகத்தில ஏகமனதெண்டு எழுதி முடிச்சிட்டினம்."

"இப்ப கொண்டுபோய்க் காட்டுவம்."

"அஞ்சு கையெழுத்தும் விழுந்திட்டுது." புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். "நான் அவையளோட சேர்ந்து ஒளிச்சிட்டன் எண்டு கொட்டிலில இப்பவே கதை. விடியத் தங்கரத்தினம் அக்காவிட்டப் போறம். ஆர் ஒளிச்சதெண்டு நீயே சொல்லு."